உப்புக் கரித்த திருவிருந்து

அந்தக் கறுப்புப் பெட்டியைக் கண்டால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் குலை நடுங்கும். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம், ஒரு கரண்டி, திராட்சரசம் ஊற்றிய குப்பி, அப்பம் வைக்க ஒரு டப்பி. கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து, அதாவது ஜெபித்த அப்பமும் ரசமும், கொடுக்க ஐயர் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம், சர்ச்சைக் கோயில் என்போம். வயசாகிப் படுத்துவிட்டவர்களுக்கும் அந்தப் பெட்டி போகும்தான். ஆனால் காலரா வந்த வருஷத்தில் அது ஒரே ஒரு சேதியைத்தான் சொன்னது. பெட்டி நுழைந்த வீட்டுக்கு மறுநாள் குழி வெட்ட ஆள் தேடினார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிச் சோளமும் துவரையும் விதைக்கிற ஊர். கோயில் பள்ளிக்கூடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வாத்தியார் வேலை பார்த்தோம். எங்களுக்கு ஒரே மகள், நாலு வயசு. வானம் பார்த்துக் கிடந்த ஊருக்கு அந்த ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கண்மாய் நிறைந்துவிட்டதென்று குதித்தோம். ஊர் அசிங்கம் முழுக்க அடித்துக்கொண்டு போய்க் கிணறுகளில் சேர்ந்தது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. முதலில் கீழத்தெருவில் ஒருவர் போனார். அவரைப் புதைத்துவிட்டு வருவதற்குள் அதே வீட்டில் இன்னொருவர். காலரா என்ற பேரை யாரும் வாயால் சொல்லவில்லை. "அவுக வீட்லயும் அது வந்துருச்சாம்" என்பார்கள். 'அது' என்று சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கியதும், ஐயோ நமக்கும் வந்துவிட்டதோ என்று அதற்கு வேறு பயம்.

சபை சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்கமே பண்ணவில்லை. "இனிமே பச்சத்தண்ணி யாரும் குடிக்கக் கூடாது, எந்த வீட்லயும் நோயாளி தனியாக் கெடக்கக் கூடாது" என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அறுப்புப் பண்டிகைக்குச் சோறு வடிக்கிற அண்டாக்களைக் கோயில் முற்றத்தில் அடுப்பேற்றினோம். தண்ணீர் கொதித்து ஆறியதும் கோயில் மணி அடிக்கும், எந்தச் சாதிக்காரர், எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பார்க்காமல் எல்லாரும் குடத்தோடு வருவார்கள். பெண்கள் சங்கத்து ஆட்கள் கஞ்சி காய்ச்சினார்கள். ஆண்கள் குழி வெட்டினார்கள். சுகாதார ஆபீசில் கொடுத்த ப்ளீச்சிங் பவுடரை சபைக் காரியம் பார்க்கிற எங்கள் மூப்பர் ஒருவர் கிணறு கிணறாகப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கோயிலுக்குள் ஞானஸ்நானத் தொட்டியிலும் போட்டுவிட்டார். "இதுலயும் தண்ணிதான இருக்கு?" என்று கேட்டார். சிரிப்பு வரவேண்டிய விஷயம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் மகளை விட்டு ஓர் அடி நகரவில்லை. அவள் கொல்லைக்குப் போனால் நானும் போய் நிற்பேன். "ஏம்மா பின்னாலயே வர்ற?" என்று கேட்பாள். அப்படியிருந்தும் வந்துவிட்டது. ஒரு காலையில் விளையாடிக்கொண்டிருந்தவள் மத்தியானத்துக்குள் துவண்டு தோளில் தொங்கினாள். பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் போய்த் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கட்டில் கிடைக்கவில்லை, தரையில் பாய். சின்னக் கையில் நரம்பைத் தேடித் தேடிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கே ஒரு நர்ஸ், பேரைக்கூடக் கேட்காமல் ஒவ்வொரு தாய்க்கும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்: "கொதிச்சு ஆறுன தண்ணியில உப்பும் சர்க்கரையும் போட்டு ஊத்திக்கிட்டே இரு. வாந்தி எடுத்தாலும் ஊத்து. உள்ள போற தண்ணி நின்னா ஆளும் நின்னுரும்." அது எனக்கு ஆணி அடித்த மாதிரி மனசில் இறங்கிவிட்டது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஐயரம்மா ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். நோயாளி கூட ஒருவர்தான் இருக்கலாம்.

"நீ கெளம்பு டீச்சர். புள்ளய நான் பாத்துக்கிறேன்."

"புள்ளய விட்டுட்டு நான் எப்படிம்மா போவேன்?"

"இவ தேறிக்கிட்டு வர்றா, கண்ண முழிச்சுப் பாக்குறாள்ல. ஊர்ல ஒன் வீட்டுக்காரரு பண்ணிவச்சிருக்குற கூத்தப் போய்ப் பாரு. அவரு சொன்னா கேக்குற ஒரே ஆளு நீதான்."

கூத்து என்னவென்று பஸ்ஸில் வரும்போது எங்கள் சபை ஆள் ஒருவர் சொன்னார். அன்று காலை ஜெபத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, சபை முழுக்கக் கேட்கும்படி பொருத்தனை பண்ணியிருக்கிறார். பொருத்தனை என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும், ஆண்டவரிடம் கொடுத்த வாக்கு. "என் மக அவ கால்ல நடந்து இந்தக் கோயிலுக்குள்ள வர்ற வரைக்கும் சோறு தொட மாட்டேன், ஒரு சொட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது." எப்போதும் வாயே திறக்காத மனுஷன். திறந்த ஒரு நாளும் இப்படியா திறக்க வேண்டும்!

பொருத்தனையாம் பொருத்தனை! வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சண்டை பிடித்தேன்.

"ஊரே தண்ணி இல்லாமச் சாவுது, நீங்க தண்ணி குடிக்க மாட்டேன்னு வாக்குக் குடுக்குறீங்களா? அறிவிருக்கா?"

"குடுத்தாச்சு. இனி பேசாத."

"மாத்துங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாத்துனா புள்ளய எடுத்துக்குவாரு" என்றார். அவ்வளவு பயம் அந்த முகத்தில். அவர் பிடிவாதத்தில் குடிக்காமல் இருக்கவில்லை. தான் குடிக்கிற ஒரு வாய்த் தண்ணீர் அங்கே பிள்ளையைக் கொன்றுவிடும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வந்த பஸ்தான் கடைசி பஸ். சாயங்காலம் பிடித்த மழையில் ஓடை பெருகித் தரைப்பாலத்தை மூடிவிட்டது. விடிவதற்குள் அவருக்கு அது ஆரம்பித்துவிட்டது.

அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஆள் வேறு ஆளாகிவிட்டார். கண் குழிக்குள் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் வெகுநேரம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிவிட்டது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, கத்துவதற்குக்கூட குரல் வரவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். கரண்டியால் நெம்பினேன், கடைவாயில் ஊற்றினேன், எல்லாம் கழுத்துக்கு வழிந்தது. கெஞ்சினேன். திட்டினேன். கன்னத்தில் அறையவும் செய்தேன். கட்டிக்கொண்டு அழுதேன். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை.

பெண்கள் சங்கத்து ஆட்கள் திமுதிமுவென்று வந்தார்கள். பயந்து ஓடியிருக்கலாம், ஒருத்திகூட ஓடவில்லை. ஒருத்தி காலைத் தேய்த்தாள், ஒருத்தி துணியை எடுத்துப்போய் எரித்தாள். மூப்பர் கட்டில் ஓரம் குனிந்து, "சார், ஒங்க உபவாசத்த நாங்க எல்லாரும் எடுத்துக்கிறோம். சபையே தண்ணி குடிக்காம இருக்கோம். நீங்க குடிங்க" என்று கெஞ்சினார். இவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. மனைவி பண்ணின பொருத்தனையைப் புருஷன் ரத்து பண்ணலாம் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. புருஷன் பண்ணினதை மனைவி ரத்து பண்ண ஒரு வரி கிடையாது. அன்று அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ஐயர் வந்தார். யாரையோ புதைத்துவிட்டு வந்த செம்மண் காலோடு. கையில் அந்தக் கறுப்புப் பெட்டி.

எனக்கு உயிரே போய்விட்டது. வாசலில் குறுக்கே நின்று இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பெட்டியோட உள்ள வராதீங்க ஐயா."

"டீச்சர், வழிய விடுங்க."

"மாட்டேன். அவரு சாகப்போறாருன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்களா? நான் இன்னும் பண்ணல."

ஐயர் தெற்கத்திக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். "நானும் பண்ணல டீச்சர். ஆனா குடுக்காம விட்டுட்டா நாளைக்கு நீங்களே என்னைக் கேப்பீங்க" என்றார். பெண்கள் என்னைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள்.

ஐயர் ஜெபம் சொன்னார். அப்பத்தை ஒரு பொட்டுக் கிள்ளி நாக்கில் வைத்தார். கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி, கரண்டியில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையிலிருந்து பூட்டுப் போட்ட வாய் அது. திருவிருந்தை வேண்டாம் என்று தள்ளுகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது, சாகும்போதும் கிடையாது. தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

"ஐயா, இன்னொரு கரண்டி குடுங்க" என்றேன்.

"ஒரு ஆராதனைக்கு ஒரு தடவதான் டீச்சர்."

"அப்ப ஆராதனைய மொதல்லருந்து ஆரம்பிங்க."

ஐயர் என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். நான் சொல்ல வந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை மூடவில்லை. மறுபடியும் முதல் ஜெபத்திலிருந்து ஆரம்பித்தார்.

குப்பியில் இருந்த ரசம் கொஞ்ச நேரத்துக்குக்கூடக் காணாது. எங்கள் கோயிலில் உலர்ந்த திராட்சையை வேகவைத்துத்தான் ரசம் எடுப்போம். கோயிலில் இருந்த திராட்சையை எல்லாம் அள்ளிக்கொண்டு வரச் சொல்லி, பெரிய சட்டியில் தண்ணீரை விட்டு நானே கொதிக்கவைத்தேன். அதில் சர்க்கரையைப் போட்டேன். ஐயர் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பையும் அள்ளிப் போட்டபோது எழுந்தே வந்துவிட்டார்.

"டீச்சர், இதென்ன, உப்புப் போடுறீங்க?"

"போடக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

யோசித்தார். "இல்ல" என்றார். "ஆனா மேலிடத்துக்குத் தெரிஞ்சா என் அங்கியக் கழட்டிருவாங்க."

"உசுரு இருந்தா அங்கி தச்சுக்கலாம் ஐயா. உக்காருங்க."

உட்கார்ந்தார். அன்று பொழுது முழுக்க அந்த மனுஷர் கட்டில் ஓரத்தை விட்டு எழவில்லை. கிண்ணத்தில் ஊற்றுவார், ஜெபிப்பார், வார்த்தைகளைச் சொல்வார், ஒரு கரண்டி கொடுப்பார். மறுபடியும் முதலிலிருந்து. பாவ அறிக்கையை நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னோம். மத்தியானத்துக்குள் எங்களிடம் அறிக்கை பண்ணப் பாவமே பாக்கியில்லை. ஐயருக்குத் தொண்டை கட்டிப்போய் ஊமைச் சத்தம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் பாதியைக் கக்கினார். கக்கினால் துடைத்துவிட்டு, அடுத்த ஆராதனை. ஒரு தடவை கண்ணைத் திறந்து, "ஐயா, ரசம் உப்புக் கரிக்குதே" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஐயர், "டீச்சர் காய்ச்சினது. அவுங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, ஒன்றும் கேட்காமல் வாயைத் திறந்தார்.

பொழுது சாயும்போது கெண்டைக்கால் பிடிப்பு விட்டிருந்தது. ஐயர் கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கிண்ணத்தில் ஊற்றி ஜெபித்ததைக் கீழே கொட்டக் கூடாது. மிச்சத்தை ஐயரே குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை. அன்று முழுக்க ஒரே கரண்டிதான், என் வீட்டுக்காரர் வாய்க்குள் போய்ப் போய் அந்தக் கிண்ணத்துக்குள் வந்திருந்தது.

"ஐயா, அது வேணாம். அடுப்புல ஊத்திருங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"எப்படி டீச்சர் கொட்டுறது?" என்றார், பிள்ளைகள் கேட்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கிண்ணத்தைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

மறுநாளும் வந்தார். இவருக்கு நினைவு தெளிந்திருந்தும் சாதாரணத் தண்ணீரைத் தொடவில்லை. அதனால் மறுநாளும் ஆராதனை, மறுநாளும் உப்பு ரசம், மறுநாளும் மிச்சம் ஐயருக்கு. ஓடை வடியவில்லை, மதுரையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. இங்கே புருஷன் விழுங்குகிற ஒவ்வொரு வாய்க்கும் அங்கே பிள்ளைக்கு என்ன ஆகிறதோ என்று எனக்கும் திகில் பிடித்துவிட்டது. அவர் பயம் என்னையும் தொற்றிக்கொண்டது.

ஓடை வடிந்து முதல் பஸ் வந்த அன்று ஓடிப்போய் நின்றேன். ஐயரம்மா இறங்கினார். தோளில் துணியில் சுற்றிய பிள்ளை. அசைவே இல்லை.

"தூங்குறா டீச்சர்! தூங்கத்தான் செய்யுறா! இட்லி கேட்டுச் சாப்ட்டுட்டுத் தூங்குறா!" என்று ஐயரம்மா தூரத்திலிருந்தே கத்தினார்.

நேரே கோயிலுக்குப் போனோம். மூப்பரும் இன்னும் சிலரும் என் வீட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கி வந்து உள்ளே உட்காரவைத்தார்கள். மகளை எழுப்பி வாசலில் நிறுத்தினோம். கால் குச்சி மாதிரி இருந்தது. இரண்டு எட்டு வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து, "தூக்கும்மா" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். தூக்கக் கூடாது. அவள் காலால் நடந்து வரவேண்டும் என்றல்லவா வாக்கு! பெற்ற பிள்ளை கையை நீட்டிக்கொண்டிருக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வாக்கையும் அதைக் கொடுத்த ஆளையும் மனசுக்குள் பிடிபிடியென்று பிடித்தேன். "நட தாயி, அப்பாட்டப் போ" என்று சபையே கெஞ்சியது. அழுதுகொண்டே எழுந்தாள். தள்ளாடித் தள்ளாடி உள்ளே போய் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் செம்பை நீட்டினேன். அவர் வாங்கிய வேகத்தில் பாதி சட்டையில் கொட்டியது. மடக் மடக்கென்று குடித்தார். கோயிலுக்குள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அழுதார்கள்.

"ஐயர் எங்க?" என்று ஐயரம்மா கேட்டார்.

காலையிலிருந்து யாரும் அவரைப் பார்க்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம்.

ஐயர் வீட்டுக்கு ஓடினோம். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் கிடந்தார். அதே குழி விழுந்த கண். அதே சுருங்கின விரல். எங்கள் ஆட்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். பெண்கள் சங்கம் மொத்தமும் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. ஏற்றினார்.

நான் உப்புச் சர்க்கரைத் தண்ணீர்க் குடத்தோடும் ஒரு டம்ளரோடும் ஏறிக்கொண்டேன். அந்தக் கிண்ணத்து மிச்சம்தான் இவரைப் படுக்கவைத்தது, இவரும் பல்லைக் கடித்துக்கொண்டால் நான் என்ன செய்வேன், இவருக்குக் கொடுக்க இன்னொரு ஐயருக்கு எங்கே போவேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஐயரம்மா அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். டம்ளரை உதட்டில் வைத்தேன்.

ஐயர் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார் போல. சத்தமே இல்லாத குரலில், "நான் பொருத்தனை ஒண்ணும் பண்ணல டீச்சர். ஊத்துங்க" என்றார்.

மதுரை வரைக்கும் ஊற்றிக்கொண்டே போனேன். ஒரு வாய்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.